அண்ணர் மகனுக்கு எங்கள் முகவரி

கேள்வி:

சேர், எனக்கு 44 வயது. களுவாஞ்சிக்குடியில் இருக்கிறோம். கணவர் அரசாங்க எழுதுவினைஞர். எங்களுக்கு ஒரே மகள். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போகிறாள். டொக்டராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுடைய ஆசை.

என் அண்ணர் வெள்ளவத்தையில் குடும்பத்தோடு இருக்கிறார். அவருடைய மகனுக்கும் என் மகளின் வயதுதான், அவனும் பயோ. போன கிழமை அண்ணர் போன் எடுத்தார். கொழும்பில் வெட்டுப்புள்ளி ஏறிப்போய்க் கிடக்கிறதாம், மட்டக்களப்பு மாவட்டத்தில் எழுதினால் மகனுக்கு மெடிசின் உறுதியாம். அவனை இங்கே ஒரு பாடசாலையில் சேர்த்துவிடு, உன் வீட்டு முகவரியைக் கொடு என்கிறார். ஆனால் பிள்ளை முழுக்க இங்கே இருக்கமாட்டான். கொழும்பில் பெரிய சேர்மாரிடம் ரியூசன் போகிறான், தவணைப் பரீட்சைக்கும் இடைக்கிடையும் வந்து போவான். "அதிபரோட நான் கதைக்கிறன், நீ ஓமெண்டு மட்டும் சொல்லு" என்கிறார். அவன் வருகிற நாட்களில் தங்குவதற்கு மகளின் அறையை ஒதுக்கித் தர முடியுமா என்று அண்ணி கேட்கிறா.

நாங்கள் இருக்கும் வீடு அண்ணர் கட்டித் தந்தது. அப்பா இல்லாமல் போன பிறகு கொழும்பில் கடையில் நின்று உழைத்து, என் கல்யாணத்துக்கு முதல் கூரை போட்டு முடித்தவர். அவருக்கு இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. கணவர் "உன்ட அண்ணன், உன்ட முடிவு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரிக்கிறார். மகள் இரவில் அழுகிறாள், "மச்சான் வந்தா என்ட இடம் போயிடும்" என்று. சேர், இது சட்டப்படி பிழையா, மனச்சாட்சிப்படி பிழையா? மாவட்டக் கோட்டாவே ஒரு நியாயமா என்று அண்ணர் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி.

பதில்:

தங்கச்சி,

மகளின் அழுகையில் இருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் மனதோடு சம்பந்தப்பட்டவை. இது கணக்கு. போட்டுக் காட்டினால் பிள்ளைக்கு இன்றிரவே நித்திரை வரும்.

மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளின் இடங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூன்றாகப் பிரிக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி. அதில் யார் எந்த மாவட்டம் என்று பார்ப்பதில்லை. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் அந்தந்த மாவட்டத்தின் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம், கல்வி வசதி குறைந்தவை என்று எடுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. (கலைப்பிரிவுக்கு இந்தக் கணக்கு இல்லை, அது அகில இலங்கை வரிசைதான். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறது.)

இனி, கணக்குப் பார்க்க வசதியாக, ஒரு வருடம் நாடு முழுவதும் மருத்துவத்துக்கு 2000 இடம் என்று வைத்துக்கொள்வோம். 55 வீதம் என்றால் 1100. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 26 ஆயிரம் சொச்சம், நாட்டின் தொகை 2 கோடியே 3 இலட்சம் சொச்சம். நூற்றுக்கு இரண்டரைக்குச் சற்று மேல். ஆக 1100இல் எங்களுக்கு ஏறத்தாழ 28. அந்த 5 வீதத்தில் இன்னும் ஆறு. மொத்தம் 34. திறமை வரிசையில் நேரே போகிற எங்கள் பிள்ளைகள் இதற்கு வெளியே.

இப்போது உங்கள் மகளையும் மருமகனையும் அந்த 34 பேர் வரிசையில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பேரும் முதல் முப்பதுக்குள் நின்றால் இரண்டு பேரும் போவார்கள். அவன் அகில இலங்கை வரிசையிலேயே போய்விட்டால் இந்த 34ஐத் தொடவே மாட்டான். மகள் அறுபதாவதாக நின்றால் அவன் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு இடம் இல்லை. அவள் சரியாக 34ஆவதாக நின்று, அவன் அவளுக்கு மேலே நின்றால் மட்டும்தான் மச்சானால் அவளுக்கு நட்டம். இதை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுங்கள். பயோ படிக்கிற பிள்ளைக்கு நிகழ்தகவு விளங்கும்.

ஆனால் தங்கச்சி, 34ஆவது இடத்தில் யாரோ ஒரு பிள்ளை நிற்கத்தானே செய்யும். உங்கள் மருமகன் மேலே வந்து நின்றால் அந்தப் பிள்ளை 35ஆகிவிடும். அந்த வீட்டில் நடப்பது உங்கள் காதுக்கு வராது. உங்கள் வீட்டில் ஒரு சண்டையும் வராமல், மகளும் மருமகனும் ஒரே வருடம் வெள்ளை உடுப்புப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டாலும், அந்தப் பிள்ளை அங்கே நின்றுகொண்டுதான் இருக்கும்.

அப்படி நின்ற ஒருவனை எனக்குத் தெரியும். நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச வருடம் முதல், சனிக்கிழமைகளில் களுவாஞ்சிக்குடியில் உயிரியல் வகுப்பு எடுத்தேன். வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு பையன் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வருவான். பின்னேரம் ஐந்து மணியானால் எழும்பிவிடுவான். நான் எந்த இடத்தில் நின்றாலும் சரி, எழும்பிவிடுவான். முதல் இரண்டு கிழமை எனக்குக் கோபம். பிறகுதான் சொன்னான், இருட்டுப்பட்டால் ரோட்டில் யானை. ஒரு நாள் பரம்பரையியல் கணக்கு, பதினாறு கட்டச் சதுரம். ஐந்து மணிக்கு ஒன்பது கட்டம் நிரப்பியிருந்தான். அந்தப் பக்கத்தை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனான். அடுத்த சனி வந்தபோது மிச்ச ஏழும் வேறு நிறப் பேனையில் நிரப்பியிருந்தது, அதில் இரண்டு பிழை. வீட்டிலிருந்து யாரிடமும் கேட்க வழியில்லை. அவனுடைய பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆசிரியர் இல்லை. அவன் படித்த பௌதிகம் முழுக்க அடுத்தவரின் நோட்ஸ்.

2007 யுத்தத்தில் படுவான்கரைச் சனம், வாவிக்கு மேற்குப் பக்கத்து ஆட்கள், உடுத்த உடுப்போடு ஆற்றைத் தாண்டிக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் ஊர்ப் பாடசாலைகளிலும் தங்கியிருந்திருப்பார்கள். அந்த முகாமில் இருந்த பிள்ளைகளில் ஒருவன் அவன்.

முதல் முறை அவனுக்கு மருத்துவம் தவறியது இரண்டாவது தசமத்தில். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை நான்கு தசமத்துக்குப் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரேயொருவர் முகவரி மாற்றி வந்து அவனுக்கு மேலே நின்றிருந்தாலும் அந்த வித்தியாசம் வந்திருக்கும். இரண்டாம் முறை களைத்துப் போனான், புள்ளி இறங்கியது. வந்தாறுமூலையில் விவசாய பீடம் கிடைத்துப் போனான், இன்று நல்ல உத்தியோகம். சந்தித்தால் சிரித்துக்கொண்டுதான் கதைப்பான். எனக்குத்தான் அந்த மடித்த பக்கம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். மாவட்டத்தைத் தீர்மானிக்க ஆணைக்குழு பார்ப்பது பிள்ளை படித்த பாடசாலையை. உயர்தரப் பரீட்சை விண்ணப்பத்தின் முடிவுத் திகதியில் இருந்து பின்னோக்கி மூன்று வருடம் எண்ணுவார்கள். இடையில் பாடசாலை மாறியவர்களுக்கு எப்படி எண்ணுவது என்று ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் தனியாக எழுதியிருக்கிறது. அண்ணர் அந்தப் பக்கத்தை வாசிக்காமல்தான் "உறுதி" என்கிறார் என்று எனக்குப் படுகிறது. மருமகனின் மூன்று வருடத்தில் ஒரு பங்கு ஏற்கனவே கொழும்பில் போய்விட்டது. முதலில் கைநூலை எடுத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை மெய்யாகவே இங்கே வந்து, இங்கே இருந்து, இங்கே படித்தால் அது சட்டத்துக்கு உட்பட்டது. யாரும் கேள்வி கேட்க முடியாது. அண்ணர் சொல்வது அது இல்லையே. பெயர் இங்கே, பிள்ளை அங்கே. அதற்கு வரவு இடாப்பில் யாரோ ஒருவர் வராத பிள்ளைக்கு வரவு போட வேண்டும், ஓர் அதிபர் கையெழுத்து வைக்க வேண்டும், கிராம சேவகர் வதிவுக்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும், பாதுகாவலர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். "ஓமெண்டு மட்டும் சொல்லு" என்பதற்குள் இத்தனை பேருடைய பொய் இருக்கிறது. பிழையான தகவல் கொடுத்தது பின்னால் தெரியவந்தால் அனுமதியை இரத்துச் செய்யலாம், பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் போய்விட்ட பிறகும்கூட. மூன்றாம் வருடத்தில் ஒரு மொட்டைக் கடிதம் போதும். எங்கள் ஊரில் மொட்டைக் கடிதத்துக்குப் பஞ்சமா? அன்றைக்கு அதிபரும் கிராம சேவகரும் விளக்கக் கடிதம் எழுதித் தப்பிக்கொள்வார்கள், மாட்டுவது அந்தப் பிள்ளைதான்.

கோட்டாவே ஒரு நியாயமா என்று அண்ணர் கேட்கிறார். அவரிடம் ஒரு தகவலைச் சொல்லுங்கள். அதே 1100இல், அதே சனத்தொகைக் கணக்கில், கொழும்பு மாவட்டத்துக்கு ஏறத்தாழ 125 இடம். கோட்டா என்றால் ஏதோ எங்களுக்குப் போடுகிற நிவாரண அரிசி மாதிரி எல்லோரும் கதைக்கிறார்கள். கொழும்புக்கும் கோட்டா இருக்கிறது. அங்கே வெட்டுப்புள்ளி ஏறிக் கிடப்பது, நல்ல பாடசாலையும் நல்ல ரியூசனும் ஒரே இடத்தில் குவிந்துகிடந்து பிள்ளைகள் ஒருவரையொருவர் மேலே தள்ளுவதால். அந்தத் தள்ளுதலால் மருமகனும் பத்து வருடம் நன்மை பெற்றவன்தான். பதினாறு வயது வரை கொழும்பின் வசதி, பரீட்சைக்கு மட்டும் மட்டக்களப்பின் வெட்டுப்புள்ளி என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அண்ணர் இன்னொன்றும் சொல்வார், இப்போது சொல்லாவிட்டாலும் பிறகு சொல்வார். "நானும் இந்த மண்ணிலதான் பிறந்தன், எனக்குக் கிடைக்காததை என்ட மகன் எடுக்கட்டும்" என்று. அது பொய்யில்லை. அவருடைய வயதுக்காரர்கள் இங்கே எப்படிப் படித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். 1990இல் பாடசாலை நடந்த நாளை விட மூடிய நாள்தான் கூட. அவர் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்குப் போனதற்குப் பின்னாலும் அப்படி ஒரு கதை இருக்கும். ஆனால் எங்கள் நாட்டு முறை அப்பாவின் ஊரைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு பிறந்த சாதியைக் கொண்டு வருகிறது, தகப்பனுடைய சான்றிதழ் மகனுக்கும் உதவும். இங்கே அப்படியில்லை, பிள்ளை எந்த வாங்கில் இருந்து படித்தது என்பதுதான் கணக்கு. அண்ணருக்கு நடந்த அநியாயத்துக்குரிய இழப்பீட்டை வெல்லாவெளிப் பிள்ளையின் பங்கில் இருந்து எடுக்க முடியாது.

மாவட்டக் கோட்டாவைப் பற்றி எழுதும்போது என் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1971ஆம் ஆண்டு அனுமதிக்கு மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளி சிங்கள மொழிமூலத்துக்கு 229, தமிழ் மொழிமூலத்துக்கு 250. தரப்படுத்தல் என்று சொன்னால் எங்கள் தலைமுறைக்கு முதலில் நெஞ்சில் குத்துவது அந்த இரண்டு எண்கள்தான். மொழியைப் பார்த்துப் பிள்ளையின் புள்ளியை மாற்றுவது எந்த நியாயத்திலும் சேராது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அது இரண்டாவது அடி. எங்கள் பக்கத்துக்கு அது கதவு. 1977இல் ஆட்சி மாறியதும் மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டார்கள், மாவட்டக் கணக்கு மட்டும் வீதம் மாறி மாறி இன்றுவரை நிற்கிறது.

அந்தக் கதவால் போனவர்களில் நானும் ஒருவன். 1975இல் பேராதனைக்குப் போனேன், விஞ்ஞான பீடம். என் அறையில் இருந்தவன் யாழ்ப்பாணத்தான், திறமையான பிள்ளை, நல்ல மனிதன். அவனுடைய தம்பி அந்த வருடம் அனுமதி கிடைக்காமல் வீட்டில் இருந்தான். ஒரு நாள் கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கும்போது சும்மா கேட்பது மாதிரி என் புள்ளியைக் கேட்டான். நான் பத்துப் புள்ளி கூட்டிச் சொன்னேன். கூட்டிச் சொன்ன பிறகும் அது அவன் தம்பியின் புள்ளிக்குக் கீழேதான் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, என்னுடைய தேத்தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.

ஐம்பது வருடமாகிறது. அந்த இடத்தை நான் எடுத்தது பிழை என்று நினைக்கவில்லை. என் பாடசாலையில் இரசாயன ஆய்வுகூடம் என்பது ஓர் அலுமாரி, அதன் திறப்பு அதிபரிடம். அந்தத் தம்பிக்கு நடந்தது சரி என்றும் என்னால் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு இருக்கலாம், நான் இருந்திருக்கிறேன். அதனால்தான் கோட்டா நியாயமா என்று யாராவது கேட்டால் ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் சொல்ல எனக்கு வராது. கோட்டா இல்லாவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரிகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டொக்டராக நிற்பது அரிதாகியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அதன் குறையும் தெரியும். மாவட்டம் என்பது மிகப் பெரிய வலை. கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, துறைநீலாவணை வரை மட்டக்களப்பு மாவட்டம், அடுத்த ஊர் பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். ஒரே ரோடு, ஒரே பஸ், ஒரே கல்முனை ரியூசன் வகுப்பு, இரண்டு வெட்டுப்புள்ளி. அம்பாறைக்குள்ளேயே கல்முனையில் படிக்கிற பிள்ளையும் மகாஓயாவில் படிக்கிற பிள்ளையும் ஒரே வரிசை. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் தனி வரிசை கிடையாது. மட்டக்களப்பு நகரத்துப் பெரிய பாடசாலையும், யானை வருகிற ரோட்டில் இருக்கிற பாடசாலையும் ஒன்று.

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. கொழும்பில் இருந்து பார்த்தால் உங்கள் மகள் பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளை. பாலத்துக்கு அங்கால இருந்து பார்த்தால் அவள்தான் கொழும்பு. வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் நல்ல பாடசாலை, மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் வகுப்புக்குப் போக பஸ், இரவு எட்டு மணிக்குக் கூட்டிவர அப்பாவின் மோட்டார் சைக்கிள். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. அவள் படிக்கட்டும், முதலாவதாக வரட்டும். ஆனால் அண்ணரிடம் கதைக்கும்போது "எங்கட பிள்ளையளின்ட இடத்தை நீங்க எடுக்கப் பாக்கிறீங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்த வசனத்தை உங்களைப் பார்த்துச் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் மாவட்டத்துக்குள்ளே பாடசாலையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 வீதம் ஒதுக்கினார்கள். அந்த மாதிரி, ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்தவர்களுக்கு ஒரு பங்கு இருந்தால் என்ன என்று நினைப்பேன். பிறகு உங்கள் அண்ணர் மாதிரி ஆட்களை நினைப்பேன். அடுத்த வருடமே வெல்லாவெளிப் பாடசாலை இடாப்பில் கொழும்புப் பிள்ளைகளின் பெயர் ஏறிவிடும். சரி, அது என்னுடைய கனவு, விடுங்கள்.

இப்போது போன் கதை. எழுதுவதை விடப் பேசுவது கஷ்டம், அதனால் சொற்களையும் தருகிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அண்ண, அவன் வரட்டும். வாறதெண்டா சாமான் சக்கட்டையோட வரட்டும். இஞ்ச எங்களோட இருந்து, நாங்க சாப்பிடுறதச் சாப்பிட்டு, இஞ்சயே பள்ளிக்கூடம் போய், இஞ்சயே ரியூசன் போகட்டும். என்ட பிள்ளை மாதிரிப் பாப்பன். பேர மட்டும் இஞ்ச வைக்கிற கதையெண்டா எனக்கு ஏலா. நான் ஒரு இடத்திலயும் கையெழுத்து வைக்கமாட்டன்."

இவ்வளவுதான். நியாயம், கோட்டா, 34ஆவது பிள்ளை, ஒன்றும் கதைக்க வேண்டாம். தங்கையிடம் நியாயம் படிக்க எந்த அண்ணனுக்கும் விருப்பம் வராது. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் மறுங்கள். அவர் கோபித்துக்கொண்டு போனை வைத்தால் வைக்கட்டும். இரண்டு நாள் விட்டு நீங்களே எடுங்கள், சுகம் விசாரியுங்கள், இந்தக் கதையை நீங்கள் தொடங்க வேண்டாம்.

வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிமார் உழைத்து அக்கா தங்கைக்கு வீடு கட்டுவது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். தாய்வழியாய் வீடு பெண்ணுக்குப் போகும், ஆண் அதைக் கட்டிக் கொடுத்துவிட்டு இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போவான். அது கடன் இல்லை. உங்கள் அண்ணி இன்று இருக்கும் வீட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு அண்ணன் இருந்திருப்பான். வெளியூரில் வாழ்கிறவர்களுக்கு இது சில வேளை மறந்துபோய், கட்டிக் கொடுத்த வீடு வங்கியில் போட்ட காசு மாதிரித் தெரியத் தொடங்கிவிடும். நன்றி இருக்கட்டும். அவருக்கு ஒரு வருத்தம் என்றால் நீங்கள்தான் முதலில் ஓடிப் போகப் போகிறீர்கள், அது உங்களுக்கும் அவருக்கும் தெரியும். அதற்கும் வரவு இடாப்புக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு ஆளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மருமகனிடம் யாராவது கேட்டீர்களா? பதினாறு வயதுப் பிள்ளை, இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் இருந்து வந்து, கூடப் படிக்கிற ஒருவரின் பெயரும் தெரியாத வகுப்பில் பரீட்சை எழுதி, திரும்ப பஸ் ஏற வேண்டும். செய்முறை வகுப்பு இரண்டு இடத்திலும் தவறும். அவனை ஒரு தரம் போனில் எடுத்து, அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாய்ப் பார்த்து, "உனக்கு விருப்பமா மகன்?" என்று கேளுங்கள். நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், இப்படி இடம் மாற்றப்படுகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு டொக்டராகவே விருப்பம் இல்லை. உயிரியல் பிரிவில் மருத்துவத்துக்கு வெளியே பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், தாதியியல், சித்த மருத்துவம், விவசாயம் என்று எத்தனையோ வழி இருக்கிறது. மூன்று தடவை பரீட்சை எழுதலாம். கொழும்பிலேயே இருந்து முயற்சி செய்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கணவரிடமும் ஒரு சொல். பேப்பரை மடித்து வைக்கச் சொல்லுங்கள். பாதுகாவலர் கையெழுத்து என்று வந்தால் அதிபர் முதலில் கேட்பது வீட்டு ஆம்பிளையைத்தான். "உன்ட அண்ணன்" என்று சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் போன் எடுக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும், பேசத் தேவையில்லை.

மருமகன் மெய்யாகவே வந்து தங்குவதாய் முடிவானால் சந்தோசம். ஒரே பாடம் படிக்கிற இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் படிப்பு ஏறும். முறைப்பிள்ளைகள் என்பதால் அயலில் நாலு வாய் மெல்லும், மெல்லட்டும், உயர்தரம் முடியும் வரை காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். ஆனால் மகளின் அறையை விட்டுக் கொடுக்க வேண்டாம். அவளுக்கு இரவு பத்து மணிக்குப் பிறகுதான் படிப்பு ஓடுமென்று நினைக்கிறேன், பயோ பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். முன் விறாந்தையில் ஒரு கட்டிலும் மேசையும் போட்டு, நுளம்பு வலை கட்டி, ஒரு லைற் இழுத்துக் கொடுங்கள். கொழும்புப் பிள்ளைக்கு முதல் கிழமை வாவிப் பக்கத்து நுளம்பு கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.